30 சென்டிமீட்டர் பனி: எங்கே, எப்போது, யார் சொன்னது?

குளிர்காலக் காலைகளில், கேபிள் கார்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்பே, சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே உள்ள வைஸ்ஃப்ளூயோக் மலைமுதுகில் ஒருவர் அளவுகோலோடு வெளியே வருகிறார். அங்கே 2,536 மீட்டர் உயரத்தில், காற்றுக்குக் கொஞ்சம் மறைவாக ஒரு சமதளம் இருக்கிறது. அதில் வெள்ளைச் சாயம் பூசிய ஒரு பலகை. நேற்றுக் காலை துடைத்து வைத்த பலகைமேல் இன்று எவ்வளவு பனி நிற்கிறது என்று கோலை நட்டுப் பார்க்கிறார். ஒரு குழாயில் கொஞ்சம் பனியை எடுத்து எடை போடுகிறார். பிறகு பலகையைத் துடைத்து, புதுப் பனியின் மேல்மட்டத்தில் மறுபடி வைத்துவிட்டு உள்ளே போகிறார். 1936-ல் தொடங்கிய வேலை இது. நடுவில் ஒரு உலகப்போரே வந்து போயிற்று.

அவர் குறித்துக்கொண்ட எண் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் கீழே ஹோட்டல் அறையில் போர்வைக்குள் கிடப்பவரின் கைப்பேசியில் ஒரு செயலி 45 என்கிறது. இன்னொன்று 12 என்கிறது. பனிச்சறுக்கு நிலையத்தின் அறிவிப்பில் 40. ஜன்னலைத் திறந்தால் வெளியே மழைத் தூறல். இதில் எது பொய்? எதுவுமே பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். அதுதான் விஷயமே.

ஆல்ப்ஸ் மலைக்கும் நமக்கும் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1980-களிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்த ஈழத்தமிழர்களில் பலர் அந்நாட்டு உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்துத்தான் குடும்பத்தை நிமிர்த்தினார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு இன்று குளிர்காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கீ முகாம் உண்டு. “அங்க ஸ்னோ கொட்டுதாம்” என்று தாய்மார் செயலியைப் பார்த்துக் கவலைப்படும் வீடுகள் சூரிச்சிலும் பெர்னிலும் இருக்கின்றன. அந்தச் செயலியை எப்படிப் படிப்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஊர் ஒன்று, உயரம் பல

டாவோஸ் ஏறத்தாழ 1,560 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். அங்கிருந்து பார்சென் பனிச்சறுக்குத் தளத்தின் உச்சியான வைஸ்ஃப்ளூகிப்ஃபெல் 2,844 மீட்டர். நடுவில் கிட்டத்தட்ட 1,300 மீட்டர் ஏற்றம். நூறு மீட்டர் ஏறினால் சராசரியாக அரை டிகிரிக்குச் சற்று அதிகமாகக் குளிரும் என்பது கணக்கு. அப்படியானால் உச்சிக்கும் கடைத்தெருவுக்கும் எட்டு டிகிரி வித்தியாசம். கீழே மூன்று டிகிரியில் மழை பெய்யும்போது மேலே மைனஸ் ஐந்தில் அருமையான தூள்பனி விழுந்துகொண்டிருக்கும். “டாவோஸில் 30 செ.மீ.” என்ற வாக்கியம் முதலிலேயே அரைகுறை. டாவோஸில் எந்த உயரத்தில்?

வானிலை அறிக்கையில் இதற்காக இரண்டு கோடுகளைச் சொல்வார்கள். ஒன்று பூஜ்ஜிய டிகிரிக் கோடு. மற்றொன்று பனிக்கோடு, அதாவது எந்த உயரத்துக்கு மேல் மழை பனியாக விழும் என்ற எல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைப்பது புதியவர்கள் செய்யும் பிழை. மேலிருந்து விழும் பனித்துகள் பூஜ்ஜியத்தைத் தாண்டியதும் உடனே கரைந்துவிடாது. உருகக் கொஞ்சம் தூரம் எடுக்கும். அதனால் பனிக்கோடு வழக்கமாக 200, 300 மீட்டர் தாழ்ந்தே இருக்கும்.

இங்கே ஒரு வேடிக்கை நடக்கும். பனி உருக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்துதான் அது எடுத்துக்கொள்கிறது. பொழிவு பலமாக இருந்து, பள்ளத்தாக்கும் குறுகலாக இருந்து, வெளிக்காற்று வந்து கலக்கவும் வழியில்லை என்றால், உருகி உருகியே அந்தக் காற்று முழுவதும் பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும். அப்புறம் உருகுவதற்கு வெப்பமே மிச்சமில்லை. பனிக்கோடு ஒன்றிரண்டு மணி நேரத்தில் பல நூறு மீட்டர் சரிந்து, மழை பெய்துகொண்டிருந்த தெருவில் பெரிய பெரிய ஈரப் பனிப்பஞ்சுகள் விழத் தொடங்கும். பொழிவு குறைந்தால் மறுபடி மழை. அகன்ற பள்ளத்தாக்கில் அதே நாளில் இது நடக்காது. ஒரே வானிலை, ஒரே உயரம். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்றில் குடை, மற்றொன்றில் மண்வாரி. எந்தச் செயலியும் இதைத் தெருவாரியாகச் சொல்லிவிடாது.

இதற்கு நேர்மாறான நாளும் உண்டு. காற்றில்லாத, மேகமில்லாத குளிர்காலத்தில் கனமான குளிர்காற்று வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். அப்போது கீழே உறைந்து, மேலே இதமாக வெயில் காயும். உயர உயரக் குளிரும் என்ற பாடம் அன்று செல்லாது.

கணினி பார்க்கும் மலை

செயலியில் வரும் எண்ணை மனிதர் யாரும் உட்கார்ந்து யோசித்துப் போடுவதில்லை, பெரும்பாலும். வளிமண்டலத்தைச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் கணக்குப் போடும் கணினி மாதிரியிலிருந்து அது நேராக வருகிறது. சதுரம் எவ்வளவு பெரியது என்பதில்தான் சூட்சுமம். உலகின் சிறந்த மாதிரி என்று பெயர் வாங்கிய ஐரோப்பிய வானிலை மையத்தின் உலகளாவிய மாதிரிக்குச் சதுரம் சுமார் 9 கிலோமீட்டர். ஆல்ப்ஸில் 9 கிலோமீட்டருக்குள் ஒரு நகரம், ஒரு ஆறு, இரண்டு சிகரங்கள், ஒரு பனியாறு எல்லாமே அடங்கிவிடும். அவ்வளவையும் சராசரியாக்கி ஒரு வழவழப்பான மேடாகத்தான் அந்த மாதிரி பார்க்கிறது. அதன் கண்ணுக்கு டாவோஸ் பள்ளத்தாக்கு என்று ஒன்று இல்லை.

சுவிஸ் வானிலைத் துறை இந்தக் குறையைத் தீர்க்க ஏறத்தாழ 1 கிலோமீட்டர் சதுரங்களில் தன் நாட்டு மலைகளுக்கென்று தனிக் கணக்குப் போடுகிறது. முகடும் பள்ளமும் அதில் ஓரளவு தெரியும். ஆனால் இவ்வளவு நுணுக்கமான கணக்கை இரண்டு நாளுக்கு மேல் ஓட்டுவதில்லை. ஆகவே நாளைய பனிக்கு உள்நாட்டு அறிக்கையை நம்பலாம். அடுத்த வாரப் பனிக்கு யாரையும் நம்ப வேண்டாம். பத்து நாள் கழித்து வரும் சனிக்கிழமைக்கு “72 செ.மீ.” என்று துல்லியமாகச் சொல்லும் செயலியைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகர வேண்டியதுதான். அந்தத் தூரத்தில் நேர்மையாகச் சொல்லக்கூடியது, “வடமேற்கிலிருந்து ஈரக்காற்று வர வாய்ப்பிருக்கிறது” என்ற அளவுதான். இதனால்தான் இப்போது ஒரே கணக்கைத் தொடக்க நிலையில் சிறு சிறு மாற்றங்களோடு பல தடவை போட்டுப் பார்க்கிறார்கள். எல்லா விடைகளும் நெருங்கி வந்தால் நம்பிக்கை. சிதறிப் போனால், பயணச்சீட்டை மாற்றக்கூடியதாக எடுங்கள்.

காற்றின் திசை, என் கருத்தில், செ.மீ. எண்ணைவிட முக்கியம். டாவோஸ், க்ளோஸ்டெர்ஸ் போன்ற ஊர்களுக்கு வடமேற்குக் காற்றுதான் படியளக்கிறது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரம் ஆல்ப்ஸின் வடக்குச் சுவரில் மோதி, தேங்கி, மேலேறி, கொட்டுகிறது. தெற்கிலிருந்து, மத்தியதரைக் கடலிலிருந்து, ஈரம் வந்தால் கதை தலைகீழ். அப்போது சாஸ்-ஃபேயும் மேல் எங்காடின் பகுதியிலுள்ள சென்ட் மோரிட்ஸும் வெள்ளையாகும். மலையின் அந்தப் பக்கமே ஈரத்தை இறக்கிவிட்ட காற்று, இந்தப் பக்கம் இறங்கும்போது அழுத்தப்பட்டுச் சூடாகி, வறண்டு வீசும். அதற்கு ஃபோன் என்று பெயர். ஜெர்மன் பேசும் மலைவாசிகள் அதைப் ‘பனி தின்னி’ என்று அழைக்கிறார்கள். ஒரே இரவில் பள்ளத்தாக்கின் பனியைத் தின்று தீர்க்கும் அந்தக் காற்றுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. எனவே ஊருக்கு ஊர் வரம் தரும் காற்று வேறு. போகிற ஊருக்கு எந்தத் திசை என்று உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டு வைத்துக்கொண்டால் பாதி வானிலை அறிக்கை புரிந்துவிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாதிரிகள் உண்மையில் கணிப்பது பனியின் உயரத்தை அல்ல, நீரின் அளவை. 10 மில்லிமீட்டர் நீர் என்றால் சுமாராக 10 செ.மீ. பனி என்று பெருக்கிக் காட்டுகிறார்கள். நல்ல குளிரில் விழும் இலேசான பனி அதே நீருக்கு 15, 20 செ.மீ. வரை உப்பி நிற்கும். பூஜ்ஜியத்தை ஒட்டி விழும் ஈரப்பனி ஐந்தாறு செ.மீ.தான் வரும். வெப்பநிலையில் இரண்டு டிகிரி பிசகினால் போதும், நீர்க்கணக்கு சரியாக இருந்தும் செ.மீ. கணக்கு இரட்டிப்பாகவோ பாதியாகவோ போய்விடும். காலையில் அளப்பவர் கோலை மட்டும் நட்டுவிட்டுப் போகாமல் எடையும் போடுவது இதற்காகத்தான்.

சனிக்கிழமைப் பனி

இனி விழுந்துவிட்ட பனியை அளப்பது. விழுந்ததை அளப்பதில் என்ன குழப்பம் என்று தோன்றும். புதுப் பனி தன் எடையிலேயே அமுங்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து, பலகையைத் துடைத்து, நான்கு அளவுகளையும் கூட்டினால் பெரிய எண் வரும். நாளுக்கு ஒருமுறை அளந்தால் சிறிய எண். மூன்று நாள் புதுப்பனியைக் கூட்டி வரும் தொகை, தரையிலிருந்து அளந்த மொத்த உயரத்தில் அப்படியே ஏறாது. காற்று அள்ளிக் குவித்த குழியில் கோலை நட்டால் ஒரு மீட்டர். அது அள்ளிய முகட்டில் நட்டால் புல் தெரியும். ஆக, பொய்யே சொல்லாமல் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்க வழிகள் தாராளம்.

பொய் சொல்லவும் செய்கிறார்களா? அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பொருளியலாளர்கள் ஜொனாதன் ஜின்மனும் எரிக் ஜிட்செவிட்ஸும் 2009-ல் ஒரு ஆய்வுத் தாளில் இதைத் தோண்டினார்கள். வட அமெரிக்கப் பனிச்சறுக்கு நிலையங்கள் தாங்களே அறிவித்த புதுப்பனி அளவுகளை அரசு வானிலைத் தரவுகளோடு வைத்து ஒப்பிட்டார்கள். வார நாட்களைவிட வார இறுதியில் 23 சதவீதம் அதிகப் பனி அறிவிக்கப்பட்டிருந்தது. சனி, ஞாயிறு பார்த்துப் பெய்யும் மேகம் உலகில் இல்லை. அரசு அளவீடுகளிலும் அப்படி ஒரு ஏற்றம் இல்லை. கூட்டத்தை இழுத்து இலாபம் பார்க்க வாய்ப்புள்ள நிலையங்களில்தான் இந்தக் குணம் கூடுதலாகத் தெரிந்தது. இதைவிடச் சுவையானது அடுத்த கண்டுபிடிப்பு. சறுக்க வந்தவர்களே அங்கேயே நின்று பனி நிலவரத்தைப் பதிவிட ஐபோன் செயலி ஒன்று வந்ததும் மிகைப்படுத்தல் சட்டென்று குறைந்தது. அதிலும் கைப்பேசி அலை நன்றாகக் கிடைத்த மலைகளில் இன்னும் அதிகமாக!

ஆய்வு வட அமெரிக்காவைப் பற்றியது. ஆல்ப்ஸ் ஊர்களுக்கு அதை அப்படியே ஒட்டிவிட முடியாது. ஆனாலும் சீட்டு விற்பவரே சரக்கையும் அளக்கும் இடத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது தப்பில்லை. நிலையத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் மலைமேல் இருக்கும் நேரலைக் கேமராவைத் திறந்து பாருங்கள். மரக்கிளையில் பனி நிற்கிறதா, வேலிக்கம்பம் எவ்வளவு புதைந்திருக்கிறது என்பதைக் கேமரா மறைக்காது.

காலை எட்டு, மதியம் இரண்டு

ஆழம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. எப்படிப்பட்ட பனி என்பது வேறு கேள்வி. தமிழில் மார்கழி விடியலில் புல்மேல் நிற்பதும் பனி, சாலையை மூடுவதும் பனி, ஆல்ப்ஸில் கொட்டுவதும் பனி. நமக்கு அவ்வளவு போதுமாயிருந்தது. சறுக்குகிறவர்களுக்குப் போதாது. காலடியில் மாவு போல் பறப்பது தூள்பனி. பகலில் இளகி இரவில் உறைந்து மேலே ஓடு கட்டியது ஓட்டுப்பனி. காலை வைத்ததும் அந்த ஓடு பொடிந்து உள்ளே இழுத்தால் முழங்காலுக்கு ஆபத்து. வசந்தத்தில் உருகியும் உறைந்தும் சர்க்கரை மணிகளாக உருண்டது ஃபிர்ன். வெயிலில் கூழானது ஸுல்ட்ஸ்.

ஃபிர்ன் பனிக்குக் கடிகாரம் உண்டு. மார்ச், ஏப்ரலில் தெளிந்த இரவுக்குப் பிறகு காலை எட்டு மணிக்குச் சரிவு கல் போல இருக்கும். பத்து மணிவாக்கில் கிழக்குப் பார்த்த சரிவின் மேல் இரண்டு செ.மீ. மட்டும் வெண்ணெயாக இளகும். அந்த ஒரு மணி நேரத்துக்காக ஆண்டு முழுவதும் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு என்று வெயிலைத் துரத்திப் போக வேண்டும். இரண்டு மணிக்கு எல்லாமே கூழ். ‘நல்ல நிலை’ என்று அறிக்கை சொன்னால் எத்தனை மணிக்கு என்று கேட்பதுதான் அறிவு. முதல்நாள் இரவு மேகம் மூடியிருந்தால் பனி உறைந்தே இருக்காது; காலையிலும் கூழ்தான். அதனால் அனுபவசாலிகள் பகல் வெப்பநிலையைவிட இரவு வானத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

சீர்செய்த தடங்கள் தனி உலகம். இரவெல்லாம் சங்கிலிச் சக்கர வண்டிகள் உழுது சமன்செய்து, காலையில் கோடு போட்ட புதுத் துணிபோல் விரித்துவிடுகின்றன. அதில் பெரும்பங்கு இயந்திரப் பனியாகவும் இருக்கலாம். அதைச் செய்யக் குளிர் மட்டும் போதாது, காற்று வறண்டிருக்கவும் வேண்டும். தெளிக்கும் நீரில் ஒரு பங்கு ஆவியாகி மிச்சத்தைக் குளிர்விப்பதுதான் அதன் இயக்கம். காற்று நன்றாக வறண்டிருந்தால் பூஜ்ஜிய டிகிரியிலேயே பனி செய்துவிடலாம். ஈரமாக இருந்தால் மைனஸ் இரண்டிலும் இழுபறி. இயந்திரப் பனி புதுப் பனியைவிட நான்கைந்து மடங்கு அடர்த்தி. சீக்கிரம் உருகாது, விழுந்தால் வலிக்கும். டாவோஸில் இன்னும் ஒரு படி மேலே போய், ஃப்ளூவெலா பள்ளத்தாக்கில் பனியை மலையாகக் குவித்து, 40 செ.மீ. மரத்தூளால் மூடி, கோடை முழுக்கப் பத்திரப்படுத்துகிறார்கள். ஏறக்குறைய முக்கால்வாசி தப்பிவிடுகிறது. அக்டோபர் கடைசியில் வானம் நீலமாக, மலை பச்சையாக இருக்கும்போதே அதை விரித்து நெடுந்தூரப் பனிநடைத் தடத்தைத் திறக்கிறார்கள். போன வருஷத்துப் பனியில் இந்த வருஷம் சறுக்கல்!

விற்பதற்கு எதுவும் இல்லாத அறிக்கை

எல்லாரும் ஆசைப்படும் அந்த 30 செ.மீ.க்கு இன்னொரு முகம் இருக்கிறது. இரண்டு நாள் புயல், மூன்றாம் நாள் பளிச்சென்ற நீல வானம், தொடப்படாத வெள்ளைச் சரிவு. எல்லாச் செயலிகளும் கொண்டாடும் காலை அது. பனிச்சரிவுகளில் ஆட்கள் மாட்டும் காலையும் அதுவே.

காரணம் அடியில் இருக்கிறது. டிசம்பரில் பனி மெலிதாகக் கிடக்கும்போது தெளிந்த, கடுங்குளிர் இரவுகள் தொடர்ந்தால், தரையின் வெப்பத்துக்கும் மேற்பரப்பின் குளிருக்கும் நடுவே மாட்டிய பனித்துகள்கள் பிடிப்பில்லாத படிகங்களாக மாறிவிடுகின்றன. கையில் எடுத்தால் சர்க்கரைபோல் உதிரும். அதன்மேல் காற்று அள்ளிவந்து அடைத்த புதுப்பனி ஒரு பாளமாக உட்காரும். முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சரிவில், ஒரு மனிதரின் எடை அடியிலுள்ள அந்தப் படலத்தை உடைத்தால் பாளம் முழுவதும் கழன்று ஓடும். இப்படிப் பாளச்சரிவில் இறப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, அதைக் கிளப்பியவர் அவரேயோ அவரோடு போனவரோதான்.

இதைப் படிக்கத்தான் வைஸ்ஃப்ளூயோக்கில் 1936-ல் ஆராய்ச்சி தொடங்கியது. 1945 முதல் பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையை டாவோஸிலுள்ள பனி ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. 1950-51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேர் பனிச்சரிவில் இறந்தார்கள். பலர் தங்கள் வீடுகளுக்குள்ளேயே. 1999 பிப்ரவரியில் வடக்கு ஆல்ப்ஸின் சில பகுதிகளில் ஒரே மாதத்தில் ஐந்து மீட்டருக்கு மேல் பனி கொட்டியது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவின் கால்ட்யூர் ஊரில் பிப்ரவரி 23 அன்று 31 பேர் மாண்டார்கள். சுவிட்சர்லாந்தில் அந்த மாதம் 17 பேர். முன்பைவிடச் சாவு குறைந்ததற்குத் தடுப்புச் சுவர்களோடு முன்னறிவிப்பும் ஒரு காரணம்.

தடத்துக்கு வெளியே போகிறவர்களைச் சுவரும் காப்பாற்றாது, பதவியும் காப்பாற்றாது. டாவோஸுக்குப் பக்கத்து ஊரான க்ளோஸ்டெர்ஸில் 1988 மார்ச் 10 அன்று, இன்றைய பிரிட்டன் மன்னர், அன்றைய இளவரசர் சார்லஸின் குழு தடத்துக்கு வெளியே சறுக்கியபோது பனிச்சரிவு வந்தது. சார்லஸ் தப்பினார். உடன்வந்த நண்பர் மேஜர் ஹியூ லிண்ட்சே இறந்தார்.

பனிச்சரிவு அறிக்கையில் ஐந்து ஆபத்து நிலைகள். சோகம் எங்கே என்றால் மூன்றில். ஒன்று முதல் ஐந்துவரை என்றதும் மனம் மூன்றை ‘நடுத்தரம்’ என்று எடுத்துக்கொள்கிறது, பரீட்சை மதிப்பெண்போல. ஆனால் ஏறும் அளவு அப்படிச் சீரானதில்லை. ஒவ்வொரு நிலையிலும் ஆபத்து பெருகிப் போகிறது. மூன்றாம் நிலைக்கு ஜெர்மனில் வைத்திருக்கும் சொல்லின் பொருளே ‘கணிசமான ஆபத்து’. குளிர்கால நாட்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்த நிலையில் இருக்கிறது. பனிச்சரிவுச் சாவுகளில் சுமார் பாதி இந்த நாட்களில் நடக்கிறது. நான்கு என்றால் பயந்து வீட்டில் இருக்கிறார்கள். ஐந்து அபூர்வம். மூன்றில்தான் ஆசையும் ஆபத்தும் சேர்ந்து நிற்கின்றன.

எண்ணோடு நிறுத்தாமல் அதன் கீழே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். எந்தத் திசை பார்த்த சரிவு, எந்த உயரத்துக்கு மேல், புதுப்பனியா, காற்றுப்பனியா, பழைய பனியில் ஒளிந்திருக்கும் பலவீனமா என்று அங்கேதான் இருக்கும். நாடு முழுவதும் சுமார் 200 பார்வையாளர்களும் மலைகளில் நட்ட தானியங்கி நிலையங்களும் தரும் தகவலிலிருந்து அது எழுதப்படுகிறது. எழுதுகிறவர்களுக்கு ஹோட்டல் அறையோ லிஃப்ட் சீட்டோ விற்க வேண்டியதில்லை. நான்கு எண்களில் எதை நம்புவது என்று தொடக்கத்தில் கேட்டோமே, என் ஓட்டு இவர்களுக்குத்தான்.

பிள்ளை ஸ்கீ முகாமுக்குப் போயிருக்கிறதா? திறந்திருக்கும் நீல, சிவப்பு, கறுப்புத் தடங்களில் பனிச்சரிவைப் பார்த்துக்கொள்வது நிலையத்தின் பாதுகாப்புப் பணியாளர் பொறுப்பு. தேவையென்றால் விடியலில் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே இறக்கிவிடுவார்கள். சுவிட்சர்லாந்தில் மஞ்சள் குறியிட்ட வழி வேறு: திறந்திருந்தால் பனிச்சரிவுக் காப்பு உண்டு, சீர்செய்தல் கிடையாது. குறியே இல்லாத சரிவுக்கு யாரும் பொறுப்பில்லை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகாதே என்று போனில் ஒரு தடவை சொல்லி வையுங்கள். மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வரும், குளிர்காலத்தில் காலை 8 மணிக்கு மறுபடி புதுப்பிப்பார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் கிடைக்கிறது. கட்டணம் இல்லை.